பெயர் சொல்லும் இசை: சமகால ஜாஸ் ஆல்பங்கள் எழுதும் வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவு வரிசையில் நிலம், கல்வி, வன்கொடுமை, இலக்கியம் என்று நம் வாழ்வோடு நேரடித் தொடர்புள்ள பொருள்களைப் பேசிவருகிறோம். இம்முறை ஜாஸ் இசையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுவது இயல்பு. நம் நகரங்களில் ஜாஸ் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளின் மாலைநேரப் பின்னணி இசையாகவே அறிமுகமாகியிருக்கிறது. மேல்தட்டு ரசனைக்கான சான்றாக அதை வைத்துக்கொள்வோரும் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை இங்கே வந்துசேர்வதற்குள், அதை உருவாக்கியவர்களின் வரலாறு உதிர்ந்துபோகிறது. அந்த வரலாற்றோடு சேர்த்து இந்த இசையைக் கேட்பது எப்படி என்பதே நம் உரையின் பொருள்.

கறுப்பின மக்களின் போராட்டத்தோடு நமக்குள்ள உறவு புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873-ல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-ல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்கள் தம் பெயரையே கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றார்கள். ஆனால் இந்த உறவை நாம் நூல்கள் வழியாகவும் தலைவர்கள் வழியாகவுமே பேணிவந்திருக்கிறோம். அவர்களுடைய இசையை, அதிலும் சொற்களே இல்லாத கருவியிசையை, வரலாற்று ஆவணமாக வைத்துப் பேசியது குறைவு.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த முக்கியமான ஜாஸ் ஆல்பங்கள் பலவும் பெயர் சொல்லும் வேலையைச் செய்கின்றன. கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், மறைக்கப்பட்ட பெண்களின் பெயர்கள், பதிவேட்டில் வெறும் எண்ணாகிப்போன முன்னோர்களின் பெயர்கள். இசையின் வழியாகவே இவர்கள் வரலாறு எழுதுகிறார்கள். அதை மதிப்பிடும்போது கலைஞனின் திறமையோடு வரலாற்றாசிரியனின் பொறுப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

முரசும் எழுத்தும்

1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதே சட்டம் அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் குற்றமாக்கியது. முரசும் எழுத்தும் ஒரே காரணத்துக்காகத் தடுக்கப்பட்டன. இரண்டுமே செய்தி சொல்லும் கருவிகள் என்பதை ஆண்டவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

நம் வரலாறு இதிலிருந்து வேறுபடுகிறது. இங்கே பறை தடுக்கப்படவில்லை, கட்டாயமாக்கப்பட்டது. சாவுக்கும் ஊர்ச்சாட்டுக்கும் அடித்தே ஆகவேண்டும் என்ற இழிதொழிலாக அது சுமத்தப்பட்டது. அதனால்தான் பறையைத் தூக்கியெறிவதும் விடுதலை, பறையைக் கையிலெடுப்பதும் விடுதலை என்ற இரு நிலைகள் நம் இயக்கத்துக்குள் உண்டாயின. அங்கே பறிக்கப்பட்ட முரசை மீட்பது ஒரு வேலை. இங்கே திணிக்கப்பட்ட முரசின் பொருளை மாற்றுவது வேறொரு வேலை. ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இன்னொரு செய்தியையும் நினைவில் வைப்போம். 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைக்கு நேரே வயது, பால், நிறம் இருக்கும். பெயர் பொதுவாக இருக்காது. தம் முன்னோரைத் தேடிச்செல்லும் கறுப்பினக் குடும்பங்கள் இந்த வெற்றிடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

இசையின் வரலாற்றிலும் பெயர் பறிபோனது. நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கூடி ஆடிப்பாடிய அடிமைகளின் மரபிலிருந்து வளர்ந்த இசைக்கு, 1917-ல் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் வாசித்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். ‘ஜாஸ்’ என்ற சொல்லையே பல கறுப்பினக் கலைஞர்கள் ஏற்பதில்லை. ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழு தம் இசையை ‘மகத்தான கறுப்பிசை’ என்றே அழைத்தது. ட்ரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன் 2011-ல் ‘கறுப்பு அமெரிக்க இசை’ என்ற பெயரை முன்வைத்து வாதிட்டார். பிறர் வைத்த பெயரை மறுத்துத் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதன் பொருள் நமக்கு விளக்கத் தேவையில்லை. ‘ஹரிஜன்’ என்ற சொல்லை மறுத்து ‘தலித்’ என்று சொன்னவர்கள் நாம். இந்த உரையில் ஜாஸ் என்ற சொல்லைப் புழக்கம் கருதியே பயன்படுத்துகிறோம்.

சொல் மறுக்கப்பட்ட இடம்

இன்றைய ஆல்பங்களைப் புரிந்துகொள்ள மூன்று பழைய பதிவுகளைத் தொட்டுச் செல்வோம்.

1957-ல் ஆர்கன்சா மாநில ஆளுநர் ஃபாபஸ், லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்தினார். சார்லஸ் மிங்கஸ் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ என்ற இசைக்கோவையை எழுதினார். 1959-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட பதிவில் இசை மட்டுமே இருந்தது. ஆளுநரைக் கேலிசெய்யும் சொற்களை நிறுவனம் ஏற்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அடுத்த ஆண்டு கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்காகச் சொற்களோடு மீண்டும் பதிவுசெய்தார் மிங்கஸ். இங்கே சொல்லப்பட்டது ஒடுக்கியவனின் பெயர்.

அதே 1960-ல் கேண்டிட் நிறுவனத்துக்காக மேக்ஸ் ரோச் ‘வீ இன்சிஸ்ட்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார். பாடல்களை எழுதியவர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர், பாடியவர் அபி லிங்கன். உணவகத்தின் வெள்ளையர் மேசையில் அமர்ந்து போராடிய மாணவர்களை நினைவூட்டும் படம் அதன் அட்டையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதற்கான பதிலும் அதில் உண்டு. ஒரு பகுதியில் அபி லிங்கன் ஆப்பிரிக்க இனக்குழுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். இன்னொரு பகுதியில் சொல்லே இல்லாமல் அலறுகிறார். ஜாஸ் பாடகி என்றால் நயமாகக் காதல் பாடவேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அந்த அலறலைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் தேவாலயத்தில் வைக்கப்பட்ட வெடிகுண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர். இரண்டு மாதங்களில் ஜான் கோல்ட்ரேன் ‘அலபாமா’வைப் பதிவுசெய்தார். பியானோவின் கீழ்ச்சுரங்கள் தொலைவில் இடி உருள்வதுபோல் அதிர்ந்துகொண்டிருக்க, அதன்மேல் சாக்சஃபோன் தாளக்கட்டு ஏதுமின்றி மெல்லப் பேசுகிறது. சொல் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தின் பெயர் தலைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். கருவியிசைக்கு எழுதக் கிடைக்கும் ஒரே வரி அதன் தலைப்பு. பின்னால் வந்தவர்கள் இந்த ஒரு வரியைத்தான் பெரிதாக வளர்த்தெடுத்தார்கள்.

நான்கு தட்டுகளில் ஒரு வரலாற்று நூல்

வடாடா லியோ ஸ்மித் 1941-ல் மிசிசிப்பியின் லேலண்ட் ஊரில் பிறந்தவர். அதே ஆண்டு பிறந்த எம்மெட் டில், 14 வயதில், 1955-ல் அதே மாநிலத்தில் வெள்ளையர்களால் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டான். ஒருவர் எண்பது வயதைக் கடந்து ட்ரம்பெட் வாசிக்கிறார். இன்னொருவன் 14 வயதிலேயே நிற்கிறான். ஸ்மித்தின் இசையைக் கேட்கும்போது இந்த இரு வயதுகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

2012-ல் வெளிவந்த ‘டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்’ நான்கு தட்டுகள் கொண்டது. மொத்தம் 19 இசைக்கோவைகள். அவற்றில் முதலில் எழுதப்பட்டது, 1963-ல் சுட்டுக்கொல்லப்பட்ட செயல்வீரர் மெட்கர் எவர்ஸுக்கானது. அது 1977-ல் எழுதப்பட்டது. முழுத் தொகுப்பும் நிறைவடைய முப்பதாண்டுகளுக்கு மேலாயின. கறுப்பர் குடிமக்களாக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த 1857-ன் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தொகுப்பு தொடங்குகிறது. எம்மெட் டில், ரோசா பார்க்ஸ், பிரவுன் வழக்கு என்று தலைப்புகள் தொடர்கின்றன. அட்டவணையைப் படித்தாலே ஒரு பாடத்திட்டம் கிடைத்துவிடும்.

இசை எளிதானது அல்ல. ஸ்மித்தின் ட்ரம்பெட் நீண்ட மௌனங்களுக்கு நடுவே ஒரு சுரத்தை வைக்கிறது; அது தேய்ந்து அடங்கும்வரை காத்திருக்கிறது. வீரவணக்கத்துக்குரிய முழக்கம் எதுவும் இல்லை. கம்பிக்கருவிக் குழு சேரும் சில பகுதிகளில் இசை கனத்துப்போய் நகர மறுப்பதும் உண்டு. ஆனால் வெற்றிகளையும் கொலைகளையும் ஒரே நிதானத்தோடு அணுகும் அந்தப் பார்வை நமக்கு முக்கியமானது. போராட்ட வரலாற்றை உணர்ச்சி உரையாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு, அதை ஆய்வாளனின் பொறுமையோடும் சொல்ல முடியும் என்று இது காட்டுகிறது.

ஒரு பெயர், பல பெயர்கள், பெயரற்ற ஓசை

ஆம்ப்ரோஸ் அகின்முசிரே 1982-ல் ஓக்லண்டில் பிறந்த ட்ரம்பெட் கலைஞர். 2009 புத்தாண்டு நாளில் அதே நகரின் ரயில் நிலையமொன்றில், தரையில் கவிழ்த்துக் கிடத்தப்பட்டிருந்த 22 வயது ஆஸ்கர் கிராண்டை ரயில் காவலர் ஒருவர் சுட்டுக்கொன்றார். 2011-ல் வந்த அகின்முசிரேயின் ஆல்பத்தில் ‘மை நேம் இஸ் ஆஸ்கர்’ என்ற பதிவு இருக்கிறது. அதில் அவர் ட்ரம்பெட்டை எடுக்கவில்லை. ட்ரம்ஸ் மட்டும் முழங்க, உதிரிச் சொற்களைப் பேசுகிறார். கொல்லப்பட்டவன் தன்மையில் நின்று தன் பெயரைத் தானே சொல்லும் தலைப்பு அது.

2014-ன் ஆல்பத்தில் ‘ரோல்கால் ஃபார் தோஸ் ஆப்சென்ட்’ வருகிறது. பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு சிறுமியின் குரல் வாசிக்கிறது. பின்னணியில் கீபோர்டின் மெல்லிய ஓசை. சில பெயர்களில் குழந்தையின் நாக்கு தயங்குகிறது. ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல யாரும் இல்லாத வருகைப்பதிவு. இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை உரத்த இசையால் சொல்லியிருக்க முடியாது.

2020 ஜூன் 5 அன்று வெளிவந்த ஆல்பத்தின் கடைசிப் பதிவுக்கு ‘ஹூடட் ப்ரொசெஷன்’ என்று பெயர். பெயர்களை உரக்கப் படியுங்கள் என்ற குறிப்பும் தலைப்பிலேயே இருக்கிறது. அகின்முசிரே தனியாக மின்பியானோ வாசிக்கிறார். ஒரு பெயர்கூட ஒலிக்கவில்லை. படிக்க வேண்டியவர்கள் கேட்பவர்கள். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு 11 நாள்களே ஆகியிருந்தன. ஆல்பம் அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. கேட்டவர்கள் அந்தப் பெயரைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு பெயர் பல பெயர்களாகி, பின்பு பட்டியலே கேட்பவனின் கைக்கு வந்துவிட்டது. பட்டியல் முடியப்போவதில்லை என்று தெரிந்த ஒரு கலைஞனின் கசப்பு இது. நம் பார்வையில் இந்த மூன்று பதிவுகளும் சேர்ந்து ஒரே படைப்பு. இந்த நூற்றாண்டின் ஜாஸில் மிக முக்கியமானவற்றுள் ஒன்று.

பாட்டியின் குரல், பூட்டியின் பெயர்

சிகாகோவில் பிறந்த சாக்சஃபோன் கலைஞர் மட்டானா ராபர்ட்ஸ் 2011-ல் ‘காயின் காயின்’ என்ற தொடரின் முதல் அத்தியாயத்தை வெளியிட்டார். மொத்தம் 12 அத்தியாயங்கள் என்பது திட்டம். 2023 வரை ஐந்து வந்திருக்கின்றன. காயின்காயின் என்பது 1742-ல் லூசியானாவில் அடிமையாகப் பிறந்து, பின்பு விடுதலை பெற்று, நிலம் சேர்த்து, தம் பிள்ளைகளையும் மீட்ட மேரி தெரேஸ் என்ற பெண்ணின் பெயர். அவரே பிற்காலத்தில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதும் வரலாறு. ஒடுக்கப்பட்டோர் வரலாறு எப்போதும் தூயதாக இருப்பதில்லை. அதனால் அதை எழுதாமல் விட்டுவிடவும் முடியாது.

ராபர்ட்ஸின் முறை நம் மாணவர்களுக்கு நெருக்கமானது. குடும்ப மரம், ஆவணக்காப்பகம், பாட்டியிடம் கேட்டுப் பதிந்த நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டு இசையமைக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தின் பல பகுதிகள் பாட்டியின் சொற்களால் ஆனவை. முதல் அத்தியாயத்தில் அடிமை ஏலத்தைப் பற்றிய ஆஸ்கர் பிரவுன் ஜூனியரின் பழைய பாட்டை எடுத்துப் பாடுகிறார். ‘வீ இன்சிஸ்ட்’டுக்கு எழுதிய அதே ஆஸ்கர் பிரவுன்தான். சாக்சஃபோன் கதறுகிறது, குரல் உடைகிறது, திடீரென்று தாலாட்டு வருகிறது. அழகான வாசிப்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது தொல்லையாகவே இருக்கும். வாய்மொழி வரலாறு நேர்கோட்டில் வருவதில்லை என்று அறிந்தவர்களுக்கு இதன் உடைசல் பழக்கமானதே.

யார் அரசி?

லண்டனில் பிறந்து பார்படோஸில் வளர்ந்த ஷபாகா ஹட்சிங்ஸின் குழு சன்ஸ் ஆஃப் கெமெட். ஒரு சாக்சஃபோன், ஒரு ட்யூபா, இரண்டு ட்ரம்ஸ். பியானோவோ கிட்டாரோ இல்லை. ட்யூபா அடித்தளம் போட, இரு முரசுகளும் கரீபியத் தெரு ஊர்வலத்தின் வேகத்தில் ஓடும். 2018-ல் இம்பல்ஸ் நிறுவனத்தில், அதாவது கோல்ட்ரேனின் பழைய நிறுவனத்தில், ‘யுவர் குயீன் இஸ் எ ரெப்டைல்’ ஆல்பம் வந்தது. உங்கள் அரசி ஓர் ஊர்வன என்பது தலைப்பு. ஒன்பது பதிவுகள், ஒன்பது பெண்கள். ஒவ்வொன்றும் ‘என் அரசி இவர்’ என்றே தொடங்குகிறது. அடிமைகளைத் தப்பவைத்த ஹேரியட் டப்மன், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட யா அசந்தேவா, அடிமையாகப் பிறந்து அறுபது வயதைக் கடந்தபின் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்ற அன்னா ஜூலியா கூப்பர், 1993-ல் லண்டனில் நிறவெறியர்கள் மகனைக் கொன்றபின் பல்லாண்டுகள் நீதிக்குப் போராடிய டொரீன் லாரன்ஸ். பட்டியலின் முதல் பெயர் ஏடா ஈஸ்ட்மன். உலகம் அறியாத பெயர். அவர் ஹட்சிங்ஸின் பூட்டி.

ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில் பிரிட்டனில் ‘விண்ட்ரஷ்’ ஊழல் வெடித்தது. பல்லாண்டுகளுக்கு முன்பே கரீபியத் தீவுகளிலிருந்து வந்து உழைத்தவர்கள், காகிதம் இல்லை என்ற காரணத்தால் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைப்போல் நடத்தப்பட்டது அம்பலமானது. பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு நாட்டில் இடமில்லை என்ற பழைய கணக்கு அங்கேயும் தொடர்ந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு விமர்சனத்தை வைக்க வேண்டும். அரசியை மறுக்க இன்னோர் அரசியைத்தான் நிறுத்த வேண்டுமா? ‘நாங்களும் ஆண்ட பரம்பரை’ என்ற முழக்கத்தின் கேட்டை நாம் தமிழ்நாட்டில் நாள்தோறும் பார்க்கிறோம். சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள்கூடச் சில வேளைகளில் இழந்த முடியைத் தேடிப் போகிறார்கள். ஹட்சிங்ஸின் பட்டியலும் முதல் பார்வைக்கு அந்த வழியில் போவதாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அப்படியல்ல. ஒன்பது பேரில் பெரும்பாலோருக்கு அரண்மனையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உளவியலாளர், ஆசிரியர், செவிலியராக உழைத்த போராளி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய், வீட்டுப் பூட்டி. பிறப்பால் வரும் அரசுரிமையைச் செயலால் வரும் மதிப்பாக மாற்றுவதில்தான் ஆல்பத்தின் அரசியல் இருக்கிறது. ஆண்ட பெருமை பேசுபவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சந்தையும் பெண்களும்

இந்த இசையை வியந்து பேசுவதோடு நிறுத்திக்கொண்டால் நம் வேலை பாதியில் நின்றுவிடும். ப்ளூ நோட், இம்பல்ஸ் இரண்டும் இன்று ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 1959-ல் சொற்கள் அச்சத்தைத் தந்தன. இன்று எதிர்ப்பு ஒரு விற்பனைப் பொருளாகவும் ஆகியிருக்கிறது. கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’ 2015-ல் மூன்று தட்டுகளாக வந்து பெருவெற்றி பெற்றது. மால்கம் எக்ஸின் இறுதிச் சடங்கில் ஆசி டேவிஸ் ஆற்றிய இரங்கலுரையை அதில் ஒரு பாடலாக்கியிருக்கிறார். துணிவான செயல். ஆனாலும் ஆல்பம் முழுக்க நிறைந்திருக்கும் கூட்டுக்குரல்களும் கம்பிக்கருவிகளும் கோபத்தைப் பிரம்மாண்டத்துக்குள் கரைத்துவிடும் இடங்கள் அதில் உண்டு. நினைவேந்தல் திருவிழாவாகிவிடும் ஆபத்து நம் மேடைகளுக்கும் புதிதல்ல.

பெண்களின் இடம் இன்னொரு கேள்வி. ஜாஸ் மாணவர்கள் பயிலும் பாடத் தொகுப்புகளில் பெண்கள் எழுதிய இசைக்கோவைகள் மிகக் குறைவு. ட்ரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன் 2018-ல் பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரியில் ஜாஸுக்கும் பாலின நீதிக்குமான நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-ல் பெண்கள் எழுதிய 101 இசைக்கோவைகளை நூலாகத் தொகுத்தார். அவற்றிலிருந்து ஓர் ஆல்பமும் வந்தது. 2025-ல் பாடகி கிறிஸ்டி டாஷியலோடு சேர்ந்து ‘வீ இன்சிஸ்ட்’டையே மறுபடி வாசித்தார். 65 ஆண்டுகளுக்கு முந்தைய கோரிக்கைகள் இன்னும் கோரிக்கைகளாகவே இருப்பதால்தான் அந்த மறுவாசிப்பு தேவைப்பட்டது.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2014-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அமெரிக்காவில் வெற்றிபெற்ற ஆசியர்கள் அந்நாட்டின் அநீதியில் தங்களுக்குள்ள பங்கை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றார். 2021-ல் வந்த அவருடைய ‘அன்ஈசி’ ஆல்பத்தில், கறுப்பினத்தவர் கொலைகளுக்கு எதிரான போராட்டத்தையொட்டி எழுதிய இசைக்கோவை இருக்கிறது. நேர்மையான குரல். அதே கேள்வியைச் சாதியை நோக்கியும் கேட்க வேண்டும். ஜாஸ் மேடைகளில் ‘இந்திய இசை’ என்று அறிமுகமாவது பெரும்பாலும் கர்நாடக, இந்துஸ்தானி மரபுகளே. பறையும் கானாவும் அந்த உரையாடலில் எங்கே இருக்கின்றன?

நம் முன்னுள்ள வேலை

வெண்மணியில் 44 பேர் என்கிறோம். தாமிரபரணியில் 17 பேர் என்கிறோம். எண்கள் நமக்கு மனப்பாடம். 44 பெயர்களையும் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? எண்ணிக்கை அரசுக்குப் போதும். பெயரைச் சொல்ல, அவர் யாருடைய மகள், என்ன வேலை செய்தார், என்ன பாட்டுப் பாடினார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஊருக்குப் போக வேண்டும். எஞ்சியிருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது நம் இசையில் ஒரு வாசல் திறந்தது. கானா, ராப், பறை எல்லாம் சேர்ந்து சாதியைப் பெயர் சொல்லிப் பேசின. அடுத்த கட்டமாகச் சொற்களுக்கு அப்பாலும் போக வேண்டியிருக்கிறது. ஒரு பறையிசைக் குழு ஓர் அடியை உருவாக்கி அதற்குக் கொல்லப்பட்ட ஒருவரின் பெயரைச் சூட்டலாம். அந்த அடி வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை அறிவிக்கலாம். இசை மாணவர்கள் தம் பாட்டிமார் குரலைப் பதிவுசெய்து அதிலிருந்து இசையமைக்கலாம். வரலாற்று மாணவர்கள் அந்தப் பதிவுகளுக்குத் தேதியும் இடமும் சான்றும் சேர்க்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, ஒவ்வொரு மாவட்டத்துத் தோழர்களும் தம் பகுதியில் சாதியால் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தைத் தொடங்குமுன் அதை முழுவதும் படிப்போம். எவ்வளவு நேரமானாலும் சரி.